விற்பனைக்கு ஒரு மண்டை ஓடு: வாசகர் கேள்வி-பதில்

மருத்துவ மாணவர்களுக்கு 32 வருடம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிச் சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். மனித எலும்புகளை இப்போது இணையத்தில் படம் போட்டு விற்கிறார்கள், அதைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் எழுதலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி (ஓவியக் கல்லூரி மாணவர்): மேடம், இன்ஸ்டாகிராமில் ஒருவர் மண்டை ஓடு விற்கிறார். "நேர்மையான வழியில் வந்தது, பழைய மருத்துவக் கல்லூரிப் பொருள், சிறிய அளவு, பெண்" என்று எழுதியிருக்கிறார். வரைந்து பழக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். படங்களை இணைத்திருக்கிறேன். இது நிஜமா, பிளாஸ்டிக்கா?

தம்பி, நிஜம்தான். முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. மண்டை ஓட்டின் மேல்பகுதியை மூடி மாதிரி வட்டமாக அறுத்திருக்கிறார்கள். அந்த வெட்டு விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியே ஒரு கெட்டியான அடுக்கு, உள்ளே ஒரு கெட்டியான அடுக்கு, நடுவில் கடற்பஞ்சு போல நுண்ணிய துளைகள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அந்தப் பஞ்சு இருக்காது. மூடியைப் பூட்ட இரண்டு பக்கமும் சின்னக் கொக்கிகள், கீழ்த்தாடை விழாமல் இருக்க ஸ்பிரிங். மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தயாரித்ததுதான். அந்த அளவுக்கு விற்பவர் சொல்வது சரி.

ஆனால் உங்கள் மூன்றாவது படம், கீழிருந்து எடுத்தது, அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டுவடம் இறங்கும் பெரிய துவாரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு எலும்புகள் சேரும் இடம் ஒன்று உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது ஒட்டி ஒரே எலும்பாகியிருக்கும். இதில் ஒட்டவில்லை, இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் மேல்தாடைப் பற்கள். இரண்டாவது கடைவாய்ப்பல் அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அதன் முகடுகள் தேயவே இல்லை, மெல்லத் தொடங்கிய பல் மாதிரியே தெரியவில்லை. அந்தப் பல் முளைப்பது 12 வயதை ஒட்டி.

"சிறிய அளவு, பெண்" என்று அவர் எழுதியிருக்கிறார் அல்லவா? சின்னதாக இருப்பது பெண் என்பதால் அல்ல. அது ஒரு குழந்தையின் தலை. அந்த வயதில் ஆணா பெண்ணா என்று மண்டை ஓட்டை வைத்து நானே சொல்ல மாட்டேன்.

அந்தக் குழந்தை எங்கிருந்து வந்திருக்கும்? இந்த ஒன்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உலகச் சந்தையில் சுற்றும் "பழைய மருத்துவக் கல்லூரி" எலும்புகளில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கல்கத்தாவிலிருந்து போனவை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய வியாபாரம் அது. 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பல்லாயிரம் மண்டை ஓடுகளும் எலும்புக்கூடுகளும் கப்பலேறின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம் நாட்டு ஏழைகளின் எலும்பை வைத்துத்தான் எலும்பு படித்தார்கள். 1985-இல் சுமார் 1,500 குழந்தைகளின் எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ததாக ஒரு வியாபாரி கைதானார். இவ்வளவு குழந்தைகள் எப்படி இறந்தார்கள் என்று நாடே பதறியது. அதே ஆண்டு மத்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. 2007-இல் மேற்கு வங்கத்தின் பூர்வஸ்தலியில் போலீஸ் சோதனை போட்டபோது, சுடுகாட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் எடுத்த உடல்களை வேகவைத்து, அமிலத்தில் வெளுத்து, எலும்பைப் பிரித்தெடுக்கும் கூடமே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே "நேர்மையான வழியில் வந்தது" என்றால் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தப் பிள்ளையிடமோ அதைப் பெற்றவர்களிடமோ யாராவது கேட்டார்களா? முன்பு இதை வைத்திருந்த டாக்டரின் பெயரைச் சொல்வார், எந்த ஊர் ஏலத்தில் எடுத்தது என்று சொல்வார். கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

வரைந்து பழக நல்ல பிளாஸ்டர் வார்ப்பு கிடைக்கிறது. ஒளியும் நிழலும் அதில் இதே மாதிரிதான் விழும்.

கேள்வி (வங்கி ஊழியர்): இதெல்லாம் எங்கோ நாலு பேர் செய்வதுதானே? நீங்கள் பெரிதாக்குகிறீர்களோ என்று தோன்றியது.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. டேமியன் ஹஃபர், ஷான் கிரஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்ஸ்டாகிராமில் எலும்பு விற்பவர்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2013-இல் அவர்கள் கண்ணில் பட்ட பதிவுகளில் விற்பவர்கள் கேட்ட விலையைக் கூட்டினால் சுமார் 5,200 டாலர். 2016-இல் அதுவே 57,000 டாலர். விலையை வெளியில் சொன்ன பதிவுகள் மட்டும் இவை. "விலைக்கு உள்பெட்டியில் வாருங்கள்" என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அதற்கு முன் இந்தச் சந்தை ஈபே தளத்தில் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழு மாதம் உட்கார்ந்து எண்ணியதில் 454 மண்டை ஓடுகள் ஏலத்துக்கு வந்திருந்தன. தொடக்க விலை சராசரியாக 650 டாலரை ஒட்டி. அந்த ஆய்வு வெளியான 2016-இலேயே ஈபே மனித எலும்பு விற்பனையை நிறுத்தியது. எட்சி தளம் 2012-லேயே நிறுத்திவிட்டது. கடையை மூடியதும் கூட்டம் கலைந்துவிடவில்லை, இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்கின் மூடிய குழுக்களுக்கும் நகர்ந்தது. அங்கே ஏலம் என்று பெயர் இருக்காது, ரசீது இருக்காது. படத்துக்குக் கீழே நாலு ஹேஷ்டேக், பேச்செல்லாம் தனிச்செய்தியில்.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்): செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது டாக்டர் அம்மா? நூறு, இருநூறு வருடப் பழைய எலும்பு. அருங்காட்சியகத்தில் வைத்தால் அறிவு, வீட்டில் வைத்தால் குற்றமா?

ஐயா, நீங்கள் வரலாறு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1963-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மதுக்கடையை வாங்கியவர்கள் அதன் பின்னறையில் ஒரு மண்டை ஓட்டைப் பார்த்தார்கள். கண்குழிக்குள் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது. 46-ஆவது வங்காளக் காலாட்படையைச் சேர்ந்த ஹவில்தார் ஆலம் பேக் என்பவரின் தலை இது, 1857 எழுச்சியில் பங்கெடுத்ததற்காகப் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர் என்று அதில் எழுதியிருந்தது. அவர் உயரம் எவ்வளவு, வயது சுமார் 32, பார்க்க லட்சணமாகவே இருப்பார் என்பதுகூட அதில் இருந்தது. தண்டனை நடந்தபோது காவலில் இருந்த ஓர் அதிகாரி அதை ஊருக்குக் கொண்டுபோனார். பிறகு அது எப்படியோ மதுக்கடைக்கு வந்து சேர்ந்தது. கிம் வாக்னர் என்ற வரலாற்றாசிரியர் அந்தச் சீட்டை நூலாகப் பிடித்துக்கொண்டு போய் அந்த மனிதரின் கதையைத் திரட்டினார்.

அந்தச் சீட்டு மட்டும் எங்காவது விழுந்து தொலைந்திருந்தால்? அதுவும் "ஆண், நடுவயது, இந்தியா, பழையது" என்று இன்று ஒரு படத்துக்குக் கீழே வந்திருக்கும். நான் பார்த்த விளம்பரங்களில் ஒன்றில்கூடப் பெயர் இருந்ததில்லை.

"கேட்காமல் எடுத்தது" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைச் சிலர் சடங்குப் பேச்சாக நினைக்கிறார்கள். சார்லஸ் பைர்ன் என்பவரைப் பாருங்கள். அயர்லாந்துக்காரர், ஏழரை அடிக்கு மேல் உயரம். தான் செத்தால் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் தன் உடலை விடமாட்டார் என்று பயந்து, ஈயப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கச் சொல்லி நண்பர்களிடம் கெஞ்சினார். 1783-இல், 22 வயதில் இறந்தார். ஹன்டர் காசு கொடுத்து உடலை வழியிலேயே மாற்றிக்கொண்டார். எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று அந்த மனிதர் அழுதாரோ அங்கேதான் இருநூறு வருடத்துக்கு மேல் கண்ணாடிக்குள் நின்றார். லண்டனில் உள்ள அந்த அருங்காட்சியகம் 2023-இல்தான் இனி அவரைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று முடிவெடுத்தது. அருங்காட்சியகம் என்றால் சுத்தம் என்று நானும் சொல்லவில்லை, ஐயா.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அருங்காட்சியகத்துக்கு முகவரி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. போய்க் கதவைத் தட்டலாம். இலங்கை வேடர் சமூகத்தினரின் ஒன்பது மண்டை ஓடுகளை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-இல் அவர்களுடைய தலைவர் கையில் திருப்பிக் கொடுத்தது. மாவோரி மக்களின் பச்சை குத்திய தலைகளை நியூசிலாந்து 2003-இலிருந்து நாடு நாடாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2012-இல் பிரான்ஸ் மட்டும் இருபது தலைகளைத் திருப்பியது. இணையத்தில் பெயரில்லாத ஒருவர் இன்னொரு பெயரில்லாதவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டால் பேரப்பிள்ளைகள் யார் கதவைத் தட்டுவார்கள்?

செத்தவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். இருப்பவர்களுக்குத் தெரிகிறதே. 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஓர் ஏல நிறுவனம் தன் இணையப் பட்டியலில் 64-ஆம் எண்ணில் ஒரு நாகா மனிதரின் மண்டை ஓட்டைப் போட்டது. கொம்புகள் பொருத்தியது, 19-ஆம் நூற்றாண்டு, 3,500 முதல் 4,000 பவுண்டு போகும் என்று மதிப்பு. நாகாலாந்தில் மக்கள் தங்கள் போனில் அதைப் பார்த்தார்கள். தங்கள் முன்னோர் ஒருவரின் முகம், அதன் பக்கத்தில் விலை. நாகா அமைப்புகள் குரல் கொடுத்தன, முதலமைச்சர் நெய்ஃபியூ ரியோ வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஏலத்துக்கு முதல் நாள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இருநூறு வருடப் பழைய எலும்புதானே என்று அவர்களிடம் போய்ச் சொல்ல உங்களுக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

கேள்வி (சேகரிப்பாளர் என்று மட்டும் எழுதியவர்): என்னிடம் நான்கு மண்டை ஓடுகள் உள்ளன. தூசி படியாமல், மரியாதையோடு வைத்திருக்கிறேன். நான் வாங்காவிட்டால் யாராவது மோசமானவர் கையில் போயிருக்கும். எங்களையும் கொலைகாரர்கள் போலப் பேசாதீர்கள்.

உங்களை அப்படிப் பேச மாட்டேன். வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் அவற்றைத் துடைத்து வைக்கும்போது உங்கள் மனதில் இருப்பது அன்புதான் என்பதையும் நம்புகிறேன்.

ஆனால் நீங்கள் கொடுத்த பணம் எங்கே போனது என்று யோசித்தீர்களா? வாங்குகிறவர் இருக்கிறார் என்று தெரிந்தால் சரக்கு வரும். 1827-இல் எடின்பரோவில் ஒரு விடுதியில் கிழவர் ஒருவர் நோயில் இறந்தார். நாலு பவுண்டு வாடகை பாக்கி. அந்தப் பாக்கியை ஈடுகட்ட, விடுதியை நடத்திய வில்லியம் ஹேரும் அவருடைய கூட்டாளி வில்லியம் பர்க்கும் அந்த உடலை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். ஏழு பவுண்டு பத்து ஷில்லிங் கிடைத்தது. முதல் உடல் கொலையால் வந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் கைக்கு வந்ததும், அடுத்தவர் தானாகச் சாகும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. பதினாறு பேரைக் கொன்றார்கள். வாங்கிய ஆசிரியர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. என் துறையின் ஆசிரியர் அவர். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

மாவோரி தலைகளுக்கும் அதே கதி. ஐரோப்பியர்கள் துப்பாக்கி கொடுத்து வாங்குகிறார்கள் என்றதும், அடிமைகளுக்குப் பச்சை குத்தி, விற்பதற்காகவே கொன்றதும் நடந்தது. 1831-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் காலனியான நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் அந்த வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அதெல்லாம் பழங்காலம் என்பீர்கள். 2023-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பிணவறை மேலாளர் மீது வழக்குப் பதிவானது. பாடத்துக்காக மனமுவந்து உடல் தானம் செய்தவர்களின் தலை, தோல், உள்ளுறுப்புகளைத் திருடி விற்றிருக்கிறார். வாங்குகிறவர்கள் எல்லோரும் இணையத்தில் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருந்த சேகரிப்பாளர்கள். ஒருவர் பேபால் வழியாக 37,000 டாலருக்கு மேல் அனுப்பியிருந்தார். ஒரு தவணைக்குக் குறிப்பாக "தலை எண் 7" என்று எழுதியிருந்தார். மேலாளர் 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஏழாவது தலைக்குச் சொந்தக்காரர், "என் உடம்பு நாலு பிள்ளைகள் படிக்க உதவட்டும்" என்று கையெழுத்துப் போட்டவர். அவர் பிள்ளைகளுக்கு இதை யார், எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் நான்கும் அப்படி வந்தவை என்று நான் சொல்லவில்லை. எப்படி வந்தவை என்று உங்களுக்கும் தெரியாது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இனி வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பவற்றைப் படத்தோடு, வாங்கிய விவரத்தோடு ஒரு பல்கலைக்கழக மானுடவியல் துறைக்கோ உடற்கூறியல் துறைக்கோ எழுதித் தெரிவியுங்கள். ஒன்றுக்காவது ஊர் தெரிந்தால், அது திரும்பிப் போக வழி பிறக்கும். மனமிருந்தால் எனக்கும் படங்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி (சட்ட மாணவி): இதற்குச் சட்டமே இல்லையா மேடம்?

இருக்கிறது, ஆனால் நடுநடுவே ஓட்டை. அடிப்படைச் சிக்கல் இது: இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லை என்றால் திருடியவனை எப்படித் திருடன் என்பது?

இதில் ஒரு வழக்கு உங்களுக்குப் பாடமாக வந்திருக்கும். 1868-இல் நியூசிலாந்தில் இரண்டு தலையோடு ஒரு குழந்தை இறந்து பிறந்தது. பிரசவம் பார்த்த டாக்டர் அதை ஒரு ஜாடியில் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் இறந்ததும் மற்றச் சாமான்களோடு ஜாடியும் ஏலம் போனது. பிறகு அது டூட்வர்டு என்பவரிடம் வந்தது. அவர் காசு வாங்கிக்கொண்டு அதை வேடிக்கை காட்டினார். போலீஸ் பறித்துக்கொண்டபோது வழக்குப் போட்டார். 1908-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடம்பின் மீது முறையாக ஒருவர் உழைப்பும் திறமையும் செலுத்திப் பதப்படுத்தினால், அதை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வரலாம் என்பது அதன் சாரம். தீர்ப்பின் தர்க்கம் புரிகிறது. ஆனால் அந்தத் தாய்க்கு என்ன உரிமை என்று அந்த வழக்கில் யாரும் வாதாடவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தொண்டையில் நிற்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 2004-இன் மனிதத் திசுச் சட்டம் பொதுக் காட்சிக்கு உரிமம் கேட்கிறது. பழைய எலும்பை வாங்கி விற்பதை அது நேரடியாகத் தடுக்கவில்லை. அதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று 2025-இல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று அறிக்கை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் எலும்பை விற்பது 1990 சட்டப்படி குற்றம். மற்ற எலும்புகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. லூசியானா 2016-இல் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதற்குமான சட்டத்தில் பூர்வகுடியின் எலும்புக்குக் காவல் இருக்கிறது, இந்திய ஏழையின் எலும்புக்கு இல்லை. இந்தியாவில் 1985-இன் ஏற்றுமதித் தடை இருக்கிறது. மயானத்தில் அத்துமீறி நுழைவதையும் சடலத்தை அவமதிப்பதையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. நீங்கள் படிப்பை முடித்து வந்து இந்த ஓட்டைகளில் ஒன்றையாவது அடையுங்கள் அம்மா.

கேள்வி (இல்லத்தரசி): பரணில் சாமான் ஒழிக்கும்போது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. டாக்டராக இருந்த என் மாமனார் படித்த காலத்து எலும்புகள். பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. நல்ல விலைக்குப் போகும், போட்டோ எடுத்துப் போடலாம் என்கிறான் மகன்.

பயப்படாதீர்கள் அம்மா, உங்கள் மாமனார் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. போன் செட் (bone set), அதாவது எலும்புத் தொகுப்பு என்போம். முதலாண்டு மாணவர்கள் சீனியர்களிடம் காசு கொடுத்து வாங்குவோம், முடித்ததும் அடுத்து வருகிறவர்களுக்கு விற்போம்.

நான் என் பெட்டியை விற்கவில்லை. அதில் ஒரு வலது காறை எலும்பு இருந்தது. நடுவில் உடைந்து, இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அப்படியே ஒட்டியிருந்தது. நேராக்கிக் கட்டுப்போட ஆள் இல்லாமல் தானாகக் கூடிய எலும்பு. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் விடுதியில் விளக்கை அணைத்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் தடவித் தடவி எந்தத் தசை எங்கே பிடிக்கிறது என்று மனப்பாடம் செய்வேன். விரல் அந்த மேட்டில் ஏறி இறங்கும். கேள்வி வந்தால் சொல்ல வேண்டிய விடை எல்லாம் தெரியும். இந்த மனிதர் எங்கே விழுந்தார், எத்தனை நாள் வலித்தது, யார் அவருக்குச் சோறு ஊட்டினார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் கேட்கச் சொல்லவில்லை.

ஓய்வுபெறும் வருடம்தான் அந்தப் பெட்டியைத் துறைக்குக் கொண்டுபோனேன். பதிவேட்டில் "எங்கிருந்து பெறப்பட்டது" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள். "யாருடையது" என்று ஒரு கட்டம் அதில் இல்லை. கோடு போட்டுச் சேர்க்கச் சொன்னேன். "தெரியவில்லை" என்று எழுதினோம். காறை எலும்பைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அது என்னுடையதல்ல, கொடுத்துவிட்டேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெட்டியில் பழைய சீட்டு, ரசீது, பெயர் எழுதிய துணி ஏதாவது இருந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொடுத்து, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். குப்பையில் போடாதீர்கள், நீங்களாகப் புதைக்கவும் வேண்டாம், பிற்பாடு யாராவது தோண்டி எடுத்தால் போலீஸ் விசாரணை வரும். மகனிடம் விலையைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். பெட்டியைத் திறந்து, ஒரே ஓர் எலும்பை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): நிஜ எலும்பு இல்லாமல் டாக்டர் ஆக முடியுமா?

பெரும்பாலும் முடியும். நல்ல பிளாஸ்டிக் மாதிரிகளும், ஸ்கேன் எடுத்து முப்பரிமாணத்தில் அச்சிட்டவையும் இருக்கின்றன. ஆனால் ஒருவருக்கு ஒருவர் எலும்பு எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட நிஜம் வேண்டும். அதைத் தானமாகக் கொடுத்தவர்களிடமிருந்து பெற வேண்டும்.

கேள்வி (74 வயதுப் பெரியவர்): உடல் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் சென்ற இதழ் வரியைப் படித்ததும் என் மனைவி பயந்துபோய், ரத்து செய்யச் சொல்கிறாள். என்ன செய்வது?

அம்மாவின் பயம் நியாயமானது. அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஒருவர் அமெரிக்காவில் உடல் தான நிறுவனம் ஒன்றுக்குச் சில மின்னஞ்சல்கள் அனுப்பி, ஒரு கழுத்துத் தண்டெலும்பை 300 டாலருக்கும், பிறகு இரண்டு தலைகளையும் வாங்கிக் காட்டினார். அந்தத் தண்டெலும்பு 24 வயதில் இறந்த ஓர் இளைஞருடையது. தகனத்துக்குப் பணமில்லாத பெற்றோர், இலவசமாகச் செய்து தருகிறோம் என்று சொன்னதால் உடலைக் கொடுத்திருந்தார்கள். தங்கள் மகன் துண்டு துண்டாக விற்கப்படுவான் என்று அவர்களிடம் யாரும் விளக்கவில்லை.

அதனால் இடையில் நிற்கும் நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள். கல்லூரிக்கே நேரடியாகக் கொடுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்தே ஒரு நாள் அந்தத் துறைக்குப் போங்கள். உடலை யார் பெற்றுக்கொள்வார்கள், வெளியே எங்காவது அனுப்புவார்களா, பாடம் முடிந்தபின் எஞ்சியதை எப்படி அடக்கம் செய்வார்கள், குடும்பத்துக்குத் தெரிவிப்பார்களா என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கல்லூரியைப் பாருங்கள். பிணவறைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம். நல்ல துறை கோபித்துக்கொள்ளாது.

நான் கையெழுத்துப் போடப் போனபோது என் கணவரும் கூட வந்தார். இதே கேள்விகளை நான் கேட்பதற்கு முன் அவர் கேட்டார். அந்த இளம் ஆசிரியை ஒரு தாளை எடுத்து, ஒவ்வொன்றாக எழுதி, கீழே தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது எங்கள் ரேஷன் கார்டோடு அதே உறையில் இருக்கிறது.